இருபதுகளிலேயே பார்க்க வேண்டிய கொலஸ்ட்ரோல்

ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் இரத்ததான முகாம் நடந்தால் தேயிலைத் தோட்டத்து இளைஞர்கள் வரிசையில் நின்று கொடுக்கிறார்கள். திரும்பி வந்ததும் பலர் சொல்வது இதுதான்: "நம்ம ரத்தத்த எல்லாம் பாத்துட்டாங்க, ஒரு கோளாறும் இல்ல." அங்கே பார்ப்பது ஹீமோகுளோபினையும், எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி, சிபிலிஸ், மலேரியா ஆகிய தொற்றுகளையும்தான். கொலஸ்ட்ரோல் அதில் இல்லை. காய்ச்சலுக்கு டொக்டர் எழுதிக் கொடுக்கும், இரத்த அணுக்களை எண்ணும் எஃப்.பி.சி. ரிப்போர்ட்டிலும் இருக்காது. முப்பதுகளில் ஒருவர் மாரடைப்பில் போய்விட்டால் "நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்தான்" என்று லயமே அழுகிறது. அவருக்கு ஒரு தடவையாவது கொலஸ்ட்ரோல் பார்த்தார்களா என்று விசாரித்தால், பெரும்பாலும் இல்லை என்றே பதில் வரும்.

இது நம்மைப் போன்ற தெற்காசியர்களுக்குக் கூடுதலாகப் பொருந்தும். மாரடைப்பைப் பற்றி 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில் இலங்கையும் இருந்தது. 2007இல் வெளியான அதன் தெற்காசியப் பகுதி, நம் பிராந்தியத்தில் முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53 என்றும், மற்ற நாடுகளில் அது ஏறத்தாழ 59 என்றும் காட்டியது. ஆறு வருடம் முந்திக்கொள்கிறது.

53 வயதில் வரும் அடைப்பு 53 வயதில் தொடங்குவதில்லை. கொரியப் போரில் இறந்த 300 அமெரிக்கச் சிப்பாய்களின் இதயங்களை அறுத்துப் பார்த்து 1953இல் ஓர் அறிக்கை எழுதினார்கள். சராசரி வயது 22. நான்கில் மூன்று பேருக்கு மேல் இதய நாளங்களில் படிவு தொடங்கியிருந்தது. லயத்து அடுப்படிக் கூரையில் கரி ஏறுவது போலத்தான் இது: ஒரு நாள் புகையில் ஒன்றும் தெரியாது, எத்தனை வருடம் எவ்வளவு புகை என்பதுதான் கணக்கு. 1985இல் அமெரிக்காவில் 18 முதல் 30 வயது வரையிலான ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்துத் தொடங்கிய கார்டியா ஆய்வு இதையே எண்களில் காட்டியது. 2020இல் வெளியான அதன் கணக்கின்படி, ஒரே அளவு கெட்ட கொலஸ்ட்ரோல் சேர்ந்தாலும், இளம் வயதில் சேர்ந்தவர்களுக்கே ஆபத்து அதிகம்.

ஆனால் நம்மிடம் உள்ள ஏற்பாடுகள் நடுவயதைப் பார்த்தே அமைந்திருக்கின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் 2019 இடர் அட்டவணை 40 வயதில்தான் ஆரம்பிக்கிறது. சுகாதார அமைச்சின் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்கள் 2011 முதல் இலவசமாகச் சுகர், பிரஷர், கொலஸ்ட்ரோல் பார்க்கின்றன. மிக நல்ல திட்டம். அதுவும் முதலில் 40 வயதுக்கு மேற்பட்டவர்களை, பிறகு 35க்கு மேற்பட்டவர்களைத்தான் முக்கியமாகக் கூப்பிட்டது. 26 வயதுப் பையனை யாரும் கூப்பிடப் போவதில்லை. அவன் தானாகத்தான் போக வேண்டும்.

போனால் கேட்க வேண்டியது லிப்பிட் ப்ரொஃபைல். கையில் வரும் ரிப்போர்ட்டில் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: மொத்தக் கொலஸ்ட்ரோல் 232, எச்.டி.எல். 34, ட்ரைகிளிசரைட் 240, எல்.டி.எல். 150. எல்லாம் ஒரு டெசிலீட்டர் இரத்தத்தில் இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு. பலர் முதல் வரியை மட்டும் பார்த்து "200ஐக் கொஞ்சம் தாண்டியிருக்கு" என்று மடித்து வைத்துவிடுவார்கள். விஷயம் கீழே இருக்கிறது. எல்.டி.எல்.தான் கெட்ட கொலஸ்ட்ரோல், நாளச் சுவரில் படியும் வகை. 100க்குள் இருப்பது நல்லது. 190ஐத் தொட்டால் அது பரம்பரைக் கோளாறாக இருக்கலாம், அதற்குத் தனி வைத்தியம் வேண்டும். நல்ல கொலஸ்ட்ரோல் எனப்படும் எச்.டி.எல். ஆண்களுக்கு 40க்கும் பெண்களுக்கு 50க்கும் குறையக் கூடாது. ட்ரைகிளிசரைட் 150க்குள் இருக்க வேண்டும்.

இந்த 150 என்ற எல்.டி.எல்., பல ஆய்வுக்கூடங்களில் நேரடியாக அளந்ததாக இருக்காது. மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.லையும் ட்ரைகிளிசரைட்டில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்து எடுப்பார்கள்: 232லிருந்து 34ஐயும் 48ஐயும் கழித்தால் 150. ட்ரைகிளிசரைட் 400ஐத் தாண்டினால் இந்தக் கணக்கை நம்ப முடியாது. அதனால் நான் எல்லாருக்கும் சொல்வது வேறொரு கழித்தல். மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.லை மட்டும் கழியுங்கள். இங்கே 198 வருகிறது. 130க்குள் இருக்க வேண்டியது இது. சாப்பிடாமல் போக வேண்டும் என்ற கட்டாயமும் இந்த எண்ணுக்கு இல்லை. படியும் துகள்களை எண்ணிச் சொல்லும் அப்போ-பி என்ற பரிசோதனை இன்னும் துல்லியம். தனியார் ஆய்வுக்கூடத்தில் காசு கட்டிச் செய்ய முடிந்தவர்கள் செய்யலாம்.

எச்.டி.எல். குறைவு, ட்ரைகிளிசரைட் கூடுதல் என்ற இந்த ஜோடி தெற்காசியர்களிடம் அடிக்கடி காணப்படுவது. தோட்டத்துச் சாப்பாட்டைப் பார்த்தால் காரணம் விளங்கும். காலையில் கோதுமை மா ரொட்டி, மலைக்குக் கட்டிக்கொண்டு போவதும் ரொட்டி, இரவில் சோறு, இடையிடையே சீனி அள்ளிப் போட்ட பிளேன்டீ. மாவும் சீனியும் சாராயமும் கசிப்பும் ட்ரைகிளிசரைட்டை ஏற்றும். உழைப்பு உடம்பை மெலிவாக வைத்திருந்தாலும் இரத்தத்தில் இது நடக்கலாம். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80ஐயும் தாண்டியிருந்தால், கை கால் ஒல்லியாக இருப்பதை வைத்து ஆறுதல் கொள்ள வேண்டாம்.

குழந்தைப் பருவத்துச் சாப்பாடும் இதில் சேர்கிறது. 2016இல் இலங்கையில் எடுத்த குடித்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் 17 சதவீதம், தோட்டத்துறையில் 32. பிறப்பிலும் முதல் வயதிலும் எடை குறைந்திருந்த ஆண்களே பிற்காலத்தில் இதய நோயால் அதிகம் இறந்தார்கள் என்று இங்கிலாந்தில் டேவிட் பார்க்கர் என்ற ஆய்வாளர் 1989இல் எழுதினார். தாய்க்கும் குழந்தைக்கும் போதிய சாப்பாடு கிடைக்காத ஒரு சமூகத்துக்கு, 40 வயதுவரை காத்திருக்கச் சொல்வது அநியாயம்.

இரத்தத்தில் பார்க்க வேண்டிய லைப்போபுரோட்டீன்-ஏ என்று இன்னொன்றும் உண்டு. இது பரம்பரையாக வருவது. சாப்பாட்டாலோ உடற்பயிற்சியாலோ பெரிதாக மாறாது, அதனால் வாழ்நாளில் ஒரு தடவை பார்த்தால் போதும். 50 மில்லிகிராமுக்கு மேல் என்றால் ஆபத்து கூடுதல். அப்பாவுக்கோ அண்ணனுக்கோ 55 வயதுக்கு முன்னும், அம்மாவுக்கோ அக்காவுக்கோ 65க்கு முன்னும் மாரடைப்பு வந்திருந்தால் இதை டொக்டரிடம் கட்டாயம் கேளுங்கள். அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. என்ற பரிசோதனையையும் இதய ஆபத்தை அறிய எடுப்பதுண்டு; காய்ச்சல், புண் இருக்கும்போது எடுத்தால் அது அதற்கு உதவாது.

கொழுந்தெடுக்கும் பெண்களுக்குத் தனியாகச் சொல்ல இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. மூன்று மாதச் சுகரைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி., இரும்புச்சத்துக் குறைவால் இரத்தசோகை இருந்தால் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டிவிடும். வெறும் வயிற்றுச் சுகரையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். கர்ப்ப காலத்தில் சுகரோ பிரஷரோ வந்து, பிள்ளை பிறந்ததும் மறைந்துவிட்டாலும், பின்னாளில் இதய நோய்க்கான வாய்ப்பு கூடுகிறது. கர்ப்ப கிளினிக் கார்டைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்து பிறகும் காட்டுங்கள்.

கிளினிக்குக்கு ஒரு நாள் போனால் ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போய்விடும். இந்தப் பயமே பலரை நிறுத்தி வைக்கிறது. பிள்ளைத்தாய்ச்சிக்கும் குழந்தைக்கும் தோட்டத்திலேயே கிளினிக் வைக்க முடிகிறதென்றால், வருடத்துக்கு ஒரு தடவை, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்துக்கே வந்து இளைஞர்களின் இரத்தம் எடுக்கவும் முடியும். தொழிற்சங்கங்கள் சம்பளத்தோடு சேர்த்து இதையும் கேட்க வேண்டும்.

பரிசோதனையில் கொலஸ்ட்ரோல் கூடுதலாக இருந்தால் முதலில் சிகரெட், பீடி, புகையிலை போட்ட வெற்றிலை ஆகியவற்றை நிறுத்த வேண்டும். மருந்து தேவைப்பட்டால் அரச கிளினிக்குகளில் கொலஸ்ட்ரோலைக் குறைக்கும் அடோர்வாஸ்டாட்டின் மாத்திரை இலவசமாகக் கிடைக்கிறது. ரிப்போர்ட் நன்றாக வந்துவிட்டது என்று தானாக நிறுத்தக் கூடாது; மாத்திரையால்தான் அது நன்றாக வந்திருக்கிறது. பிள்ளை பெற நினைக்கும் பெண்கள் மட்டும் முன்கூட்டியே டொக்டரிடம் சொல்ல வேண்டும். ஒருவருக்கு எல்.டி.எல். 190ஐத் தாண்டினால் கூடப் பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் பார்க்க வேண்டும்.

நெஞ்சுவலி வந்துவிட்ட பிறகு எடுக்கும் ட்ரோபோனின் பரிசோதனை வேறு வகை. இதயத் தசை அடிபட்டிருக்கிறதா என்பதை அது சொல்லும். வலி தொடங்கிச் சில மணி நேரம் கழித்தே அது ஏறும் என்பதால், முதல் தடவை சரியாக வந்தாலும் மறுபடி எடுத்துப் பார்ப்பார்கள். "கேஸ்தான், வீட்டுக்குப் போவோம்" என்று இடையில் எழுந்து வரக் கூடாது. வலி இடது கைக்கோ தாடைக்கோ ஏறினால், வியர்த்துக் கொட்டினால், வயது 28 என்றாலும் 1990 அம்பியூலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள். டிவிஷன் பாதை மோசமாக இருந்தால், எந்தச் சந்தியில் வந்து நிற்பீர்கள் என்பதை அந்த அழைப்பிலேயே சொல்லிவிடுங்கள்.