பழைய எக்ஸ்ரே படங்களை மின்னணு நகலாகப் பாதுகாத்தல்

நுரையீரலில் தெரியும் நிழல் புதியதா, பல ஆண்டுகளாக மாறாமல் இருப்பதா என்பதை மருத்துவர் பெரும்பாலும் பழைய எக்ஸ்ரே படத்துடன் ஒப்பிட்டே அறிகிறார். முன்பு காசநோய்க்குச் சிகிச்சை பெற்றவர்களுக்கும், அரிசி ஆலைத் தூசியில் பணிபுரிவோருக்கும் இந்த ஒப்பீடு மிகவும் பயன்படும். பழைய படம் கிடைக்காவிடில், ஆறிய தழும்புக்கும் மீண்டும் பல பரிசோதனைகள் தேவைப்படலாம். காங்கேயத்திலிருந்து திருப்பூர், ஈரோடு, கோவை மருத்துவமனைகளுக்குச் செல்வோர் நகல் ஒன்றை உடன் வைத்திருப்பது நல்லது.

படங்கள் ஏன் கெடுகின்றன?

பழைய படங்களில் உருவத்தைத் தாங்குவது வெள்ளித் துகள்கள். கழுவும்போது வேதிப்பொருள் எஞ்சியிருந்தால் அவை பழுப்பேறும். இன்று பரவலாக உள்ள வெப்ப அச்சுப் படங்கள் சூடுபட்டால் கருமையாகும். எனவே தகரக் கூரையின்கீழ் உள்ள பரணிலோ, வெயிலில் நிற்கும் வாகனத்திலோ வைக்க வேண்டாம். காகித உறையிலிட்டு, மடிக்காமல் வையுங்கள். லேமினேஷன் செய்யாதீர்கள்.

நகலெடுக்கும் முறை

• சாதாரண ஸ்கேனர் ஏற்றதன்று. ஒளி படத்தின் பின்புறமிருந்து ஊடுருவி வர வேண்டும்.
• எக்ஸ்ரே பார்க்கும் விளக்குப் பெட்டி சிறந்தது. அது இல்லையெனில், வெண்திரையாக்கிய கணினித் திரையின்மேல் மெல்லிய வெள்ளைத் தாளை வைத்து, அதன்மேல் படத்தைப் பொருத்துங்கள்.
• அறை விளக்கையும் கைபேசியின் ஃபிளாஷையும் அணைத்துவிடுங்கள்.
• கைபேசியைப் படத்துக்கு நேராகப் பிடியுங்கள்.
• முதலில் முழுப் படத்தையும், பின்னர் பகுதி பகுதியாகவும் எடுங்கள்.
• பெயர், தேதி, இடம்–வலம் குறிக்கும் எழுத்து ஆகியவை தெளிவாகத் தெரிய வேண்டும். அந்த எழுத்து தலைகீழாகவோ கண்ணாடிப் பிம்பமாகவோ தெரிந்தால், படத்தைத் திருப்பி வைத்து எடுங்கள்.

நகலின் வரம்பு

கைபேசி நகலில் மெல்லிய எலும்பு விரிசலும் சிறு நிழலும் மறைந்துபோகலாம். ஆகவே அது மூலப் படத்துக்கு ஈடாகாது. நகலெடுத்த பின்னரும் மூலப் படத்தை அப்புறப்படுத்தாதீர்கள்.

மூலக் கோப்பைக் கேளுங்கள்

டிஜிட்டல் முறையில் எடுத்த எக்ஸ்ரேயின் ‘டைகாம்’ கோப்பைக் குறுந்தகட்டிலோ பென் டிரைவிலோ கேட்டுப் பெறலாம். அதில் ஒளிர்வையும் மாறுபாட்டையும் மருத்துவர் மாற்றிப் பார்க்க இயலும். இந்திய மருத்துவக் குழுமத்தின் 2002ஆம் ஆண்டு நெறிமுறை விதிகளின்படி, உள்நோயாளியின் ஆவணங்களை மருத்துவர் 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். நோயாளி கோரினால் 72 மணி நேரத்துக்குள் வழங்க வேண்டும். ஆகவே தாமதிக்காமல் கேளுங்கள்.

நகலுக்கு ஆண்டும் உடற்பகுதியும் சேர்த்துப் பெயரிடுங்கள். சிகிச்சையளிக்கும் மருத்துவரைத் தவிர வேறு எவருக்கும் அனுப்பாதீர்கள்.