தொட்டியில் முளைக்கும் களை

பாக் நீரிணையும் மன்னார் வளைகுடாவும் இருபுறமும் சூழ அமைந்தது மண்டபம். அங்குள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டல மையம், கடல் விரால் மீனை இந்தியாவிலேயே முதன்முறையாக 2010ஆம் ஆண்டில் இனப்பெருக்கம் செய்வித்துக் குஞ்சுகளை வளர்த்தெடுத்தது. இத்தகைய முயற்சிகளின் வெற்றி, கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஓர் உணவைச் சார்ந்துள்ளது.

முட்டையிலிருந்து வெளிவரும் மீனின் இளவுயிரி, முதலில் தன் உடலோடு ஒட்டிய கருவுணவைக் கொண்டு வாழும். ஏறத்தாழ மூன்றாம் நாளில் அதன் வாய் திறக்கும். அச்சிறு வாய்க்கு ஏற்ற இரை, ரோட்டிஃபர் எனப்படும் சக்கர உயிரியாகும். 100 முதல் 300 மைக்ரான் வரை நீளமுள்ள இவ்வுயிரி, நுண்பாசியை உணவாகக் கொடுத்துத் தனித் தொட்டிகளில் வளர்க்கப்படுகிறது. அது கிடைக்காவிடில், பொரித்த இளவுயிரிகள் அனைத்தும் சில நாள்களிலேயே பட்டினியால் மடியும்.

இத்தொட்டிகளில் அழையா விருந்தாளியாக நுழைபவை துடுப்புக்காலிகள். இறால், நண்டு ஆகியவற்றைப் போன்று இவையும் ஓட்டுடலிகளே. சரிவர வடிகட்டப்படாத கடல்நீர், ஈரமான வலை, வாளி ஆகியவற்றின் வழியே இவை வந்து சேரும். பாசியைத் தின்று பெருகும். அதனால் சக்கர உயிரிகளின் எண்ணிக்கை குன்றும்.

வடிகட்டி நீக்கலாகாதா என்னும் வினா எழுவது இயல்பு. நரம்புச் சிலந்தி நோயைப் பரப்பிய நன்னீர்த் துடுப்புக்காலிகளைத் துணியால் வடிகட்டித் தடுத்தமை, 2000ஆம் ஆண்டில் இந்தியா அந்நோயற்ற நாடாக அறிவிக்கப்படத் துணைநின்றது. ஆனால், குடிநீரில் நீரை மட்டும் காத்தால் போதும். இங்கோ மற்றோர் உயிரியையும் காக்க வேண்டும். வளர்ந்த துடுப்புக்காலிகளைச் சல்லடை தடுக்கும். அவற்றின் குஞ்சுகளோ சக்கர உயிரிகளின் அளவினவாதலால் கண்ணறைகளின் வழியே நழுவிவிடும். பூச்சிக்கொல்லியும் தக்க தீர்வன்று. அதன் எச்சம் மீன்குஞ்சுகளுக்குத் தீங்கு செய்யலாம். அருகில் வளரும் இறால் குஞ்சுகளையும் அழிக்கலாம்.

எனவே, வளர்ச்சி வேகத்தில் உள்ள வேறுபாடே கருவியாகிறது. சாதகமான சூழலில் சக்கர உயிரிகள் ஓரிரு நாள்களில் இருமடங்காகும். துடுப்புக்காலி முதிர்ச்சியடைய அதைவிடப் பல நாள்கள் தேவை. ஆகவே, சில நாள்களுக்கு ஒருமுறை சக்கர உயிரிகளை அறுவடை செய்து, சல்லடையால் பெரியவற்றை நீக்கி, தூய தொட்டியில் புதிய வளர்ப்பைத் தொடங்குவர். களைகள் முதிர்ந்து பெருகுவதற்குள் பயிர் அறுவடையாகிவிடுகிறது.

வருமுன் காப்பது அதனினும் சிறந்தது. கடல்நீரை நுண்வடிகட்டியில் செலுத்தி, குளோரினால் தூய்மையாக்குவர். எஞ்சிய குளோரினைச் சோடியம் தயோசல்பேட்டால் நீக்குவர். காலியான தொட்டியைக் கழுவி வெயிலில் உலர்த்துவர். ஒவ்வொரு தொட்டிக்கும் தனித்தனி வலையும் வாளியும் வைப்பர். மாசற்ற மூல வளர்ப்பைத் தனி அறையில் பாதுகாப்பர்.

துடுப்புக்காலிகள் இயல்பாகவே தீயவை அல்ல. விரிந்த கடலில் எண்ணற்ற மீன்குஞ்சுகளின் முதல் இரை அவற்றின் குஞ்சுகளே. அதனால், சில பொரிப்பகங்கள் அவற்றையே விரும்பி வளர்க்கின்றன. நெல்வயலில் முளைத்த சோளமும் களையே. ஓர் உயிரி நன்மை தருவதா, தீமை தருவதா என்பதை அது இருக்கும் இடமே தீர்மானிக்கிறது.