சிறுதேரும் காப்பும்

பிள்ளைத்தமிழுக்குப் பருவங்கள் பத்து. அவற்றுள் முதலாவது காப்பு. ஆண்பாற் பிள்ளைத்தமிழாயின் இறுதியாவது சிறுதேர். குழந்தையைக் காக்குமாறு தெய்வங்களை வேண்டித் தொடங்கும் நூல், அக்குழந்தை சிறுதேர் உருட்டி மகிழ்வதில் நிறைவெய்தும். முப்பது ஆண்டுகளாக இதனை மாணவர்க்குச் சொல்லி வருகின்றேன். ஆயினும், தேருக்கும் காப்புக்கும் உள்ள உறவை நான் கற்றுக்கொண்டது ஏட்டிலன்று. சென்ற ஆண்டு ஒருநாள், கட்டுநாயக்கா விமான நிலையத்தின் வாயிலில், ஒரு வாடகை வானின் அருகே நின்றபோது கற்றுக்கொண்டேன். கற்பித்தவள் என் மூத்த மகள்.

மகள் ரொறன்ரோவில் வாழ்கிறாள். அவளுக்கு ஆறு வயதில் ஒரு மகன். மூன்று வயதில் ஒரு மகள். பாடசாலையில் விடுப்புப் பெற்று ஒரு மாதம் அவர்களோடு தங்கியிருந்துவிட்டு, கோடை விடுமுறைக்கு யாழ்ப்பாணம் வரும் அவர்களையும் கூட்டிக்கொண்டு திரும்புவதாக ஏற்பாடு. மருமகனுக்கு லீவு கிடைக்கவில்லை. ஆகவே, துணையாள் நானே.

புறப்படுவதற்கு முதல்நாள் இரவு பெட்டிகள் வாசலில் வரிசையாக நின்றன. அவற்றின் பக்கத்தே வேறு இரண்டு பொருள்கள் இருந்தன. ஒன்று, தோளுக்கும் இடுப்புக்கும் வார்கள் பொருந்திய பெரிய இருக்கை, அது பேர்த்திக்கு. மற்றையது, முதுகுப்புறம் இல்லாத தட்டையான ஓர் ஆசனம், இருபக்கமும் கைபோல இரு வளைவுகள், அது பேரனுக்கு.

“இது என்ன பிள்ளை?” என்றேன்.

“பூஸ்ரர், அப்பா. கையிலே கொண்டு போகவேணும்.”

“விமானத்தில் இருக்க இடம் தரமாட்டார்களோ?”

“இது விமானத்துக்கு இல்லை. விமானத்தில் இதைப் பாவிக்கவும் விடமாட்டார்கள்.”

நான் சிரித்தேன். “பாவிக்க விடாத ஒன்றை இவ்வளவு தூரம் காவுவானேன்? எங்கள் வீட்டில் பலகைக்குப் பஞ்சமோ?”

மகள் சிரிக்கவில்லை. “அப்பா, இது கதிரை இல்லை. இதிலே பிள்ளையைப் பிடிக்கிறது ஒன்றும் இல்லை. பிடிக்கிறது காரிலே இருக்கிற பட்டி. அந்தப் பட்டி சரியான இடத்திலே விழுகிறதுக்காகப் பிள்ளையைக் கொஞ்சம் உயர்த்திவிடுகிறதுதான் இதின்ரை வேலை.”

இவ்விளக்கம் எனக்குப் பிடித்தது. பண்டிதனுக்குப் பொருள் விளங்கியதும் அடுத்து வேண்டுவது பெயர். ‘ஏற்றணை’ என்று பெயரிட்டுக்கொண்டேன். உயர ஏற்றுகின்ற அணை, ஏற்றணை. அகராதி செய்வோர் பொறுத்துக்கொள்வாராக.

இனி அதன் பயனை நோக்குவோம். இன்று கார்களில் நாம் காணும், தோளையும் இடுப்பையும் ஒருங்கே தழுவும் மூன்றுமுனை ஆசனப் பட்டியை 1959இல் சுவீடன் நாட்டு வொல்வோ நிறுவனத்தில் அமைத்துத் தந்தவர் நில்ஸ் பொஹ்லின் என்னும் பொறியியலாளர். எண்ணிறந்த உயிர்களைக் காத்த பட்டி அது. ஆனால், வளர்ந்தவர் உடலை அளவாகக் கொண்டு அமைந்தது. அதன் கீழ்ப்பகுதி இடுப்பெலும்பின்மேற் படியவேண்டும். மேற்பகுதி தோளின் நடுவே செல்லவேண்டும். எலும்பு தாங்கும்; வயிறு தாங்காது. ஆறு வயதுப் பிள்ளை அப்பட்டியைக் கட்டினால், கீழ்ப்பகுதி வயிற்றின் மேல் ஏறிவிடும். மேற்பகுதி கழுத்தை அறுக்கும். கழுத்து நோகிறதென்று பிள்ளை அதனை முதுகின் பின்னே தள்ளிவிடும். மோதல் நேருமாயின், காக்கவேண்டிய பட்டியே குடலையும் ஈரலையும் நசுக்கும். பிள்ளையைச் சிறிது உயர்த்திவிட்டாற் போதும், பட்டி தனக்குரிய இடத்தை அடைந்துவிடும். எண்ணம் எளிது, அதனால் விளையும் நன்மையோ பெரிது.

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் இது பெற்றோர் விருப்பத்துக்கு விட்ட காரியமன்று, சட்டம். 18 முதல் 36 கிலோ வரை எடையும், 145 சென்ரிமீற்றருக்குக் குறைந்த உயரமும், எட்டுக்குக் குறைந்த வயதும் உடைய பிள்ளை ஏற்றணையில் இருந்தே காரிற் செல்லவேண்டும். பிரித்தானியாவில் 12 வயதாகும் வரை, அல்லது 135 சென்ரிமீற்றர் உயரம் வரும் வரை, எது முந்துகிறதோ அதுவரை, பிள்ளைக்குத் தக்க இருக்கை வேண்டும்.

அங்ஙனமாயின், விமானத்தில் மட்டும் ஏன் தடுக்கிறார்கள்? விடை அந்தப் பட்டியிலேயே இருக்கிறது. பயணிகள் விமானத்தில் பெரும்பாலான இருக்கைகளுக்கு இடுப்புப் பட்டி மாத்திரமே உண்டு, தோட்பட்டி இல்லை. தோட்பட்டி இல்லாத இடத்தில் ஏற்றணைக்கு வேலை இல்லை. வேலை இல்லாததோடு தீங்கும் உண்டு. உயர்த்திய உடல், மேலே பிடிப்பின்றி முன்னோக்கி மடியும். ஆகவேதான் அமெரிக்க விமானப் போக்குவரத்து விதிகள், விமானம் தரையில் நகரும்போதும் ஏறும்போதும் இறங்கும்போதும் முதுகுப்புறமில்லாத ஏற்றணையைப் பயன்படுத்தலாகாது என்கின்றன. கனடாவிலும் அதற்கு இடமில்லை. பேர்த்தியின் இருக்கை அவ்வாறன்று. அதற்குச் சொந்த வார்கள் உண்டு. இடுப்புப் பட்டியாலேயே அதனை விமான இருக்கையோடு பிணைக்கலாம். விமானத்திற் பயன்படுத்தலாம் என்ற ஒட்டுச்சீட்டும் அதில் இருந்தது. இரண்டும் பார்வைக்கு ஓரினம், தொழிலால் வேறினம்.

மறுநாள் விமானத்தில் மகள் அந்த இருக்கையைச் சாளரத்தோரமாக வைத்துப் பிணைத்தாள். மற்றவர் வெளியேறும் வழிக்கு அது குறுக்கே நிற்கலாகாதாம். பேரன் எங்களைப் போலவே இடுப்புப் பட்டியைத் தாழ இறுக்கிக்கொண்டு அமர்ந்தான். ஏற்றணை தலைக்கு மேலுள்ள அறைக்குட் போயிற்று.

“அதைப் பெரிய பெட்டியோடு போட்டிருக்கலாமே” என்று மீண்டும் தொடங்கினேன்.

“பெட்டிகளை எறிகிற எறியிலே உள்ளே வெடித்தாலும் வெளியிலே தெரியாது, அப்பா. பெட்டி வராமல் விட்டால் இவனை எதிலே இருத்துகிறது?”

பதில் சொல்ல இயலவில்லை. எனினும் மனம் முழுதும் உடன்படவுமில்லை. ஆகாயத்தில் ஆயிரக்கணக்கான மைல் பறக்கப்போகிறோம். இவளோ தரையிற் செல்லும் சில மணி நேரத்துக்கு அஞ்சுகிறாளே என்று எண்ணினேன்.

என் எண்ணம் தலைகீழானது என்பதற்கு ஒரு சரித்திரம் உண்டு. 1989 ஜூலை 19ஆம் திகதி அமெரிக்காவில் 232ஆம் இலக்க விமானம் ஒன்று பொறி பழுதுற்று, சூ சிற்றி நகரின் ஓடுபாதையில் விழுந்து உடைந்தது. அதிற் சென்ற 296 பேரில் 112 பேர் மாண்டனர். மடியில் இருந்து பயணஞ்செய்த குழந்தைகள் நால்வர். அவர்களைத் தரையில் வைத்துப் பிடித்துக்கொள்ளுமாறு, அக்கால வழக்கப்படி, தலைமைப் பணிப்பெண் ஜான் பிறவுண் பெற்றோருக்குக் கூறினார். அந்நால்வரில் ஒரு குழந்தை பிழைக்கவில்லை. விமானத்துக்கு வெளியே, குழந்தையைத் தேடி மீண்டும் உள்ளே செல்ல முயன்ற தாயை அப்பெண்மணி எதிர்கொண்டார். எந்தக் குழந்தைக்கும் தனி இருக்கையும் பிணைப்பும் வேண்டும் என்று அதன்பின் பல்லாண்டு வழக்காடினார். விபத்துக்களை ஆராயும் அமெரிக்கச் சபையும் அதையே வற்புறுத்தியது.

ஆயினும், இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள அந்நாட்டு விதி இன்றும் இடந்தருகிறது. அதற்கு அதிகாரிகள் சொல்லும் காரணம் சிந்திக்கத்தக்கது. குழந்தைக்கும் பயணச்சீட்டு வாங்கவேண்டும் என்று விதித்தால், பணம் போதாத குடும்பங்கள் விமானத்தை விட்டுக் காரிற் புறப்படும். அதனால் இறக்கும் குழந்தைகளே கூடுதலாவர் என்பது அவர்கள் கணக்கு. முடிவு சரியோ பிழையோ, அதனுள் அடங்கிய உண்மையை எவரும் மறுக்கவில்லை. ஆகாயத்தினும் தெருவே ஆபத்து மிக்கது.

கட்டுநாயக்காவில் இறங்கினோம். பெட்டிகள் வந்தன, ஒன்றைத் தவிர. வராதது என் பெட்டி. என் சொற்படி நடந்திருந்தால் ஏற்றணை அதற்குள்ளேதான் இருந்திருக்கும். மகள் ஒன்றும் சொல்லவில்லை. அவள் அந்த ஏற்றணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முன்னே நடந்தாள்.

வெளியே யாழ்ப்பாணம் செல்ல ஒழுங்குசெய்த வான் நின்றது. பின்னிருக்கைகளிலும் தோட்பட்டி வேண்டும் என்று மகள் முன்னமே சொல்லியிருந்தாள். உண்டென்று விடையும் வந்திருந்தது. வந்த வானின் பின்வரிசைகளில் இடுப்புப் பட்டிகளே இருந்தன. சின்னவளின் இருக்கையை அதிலும் பிணைத்துவிடலாம். பெரியவனுக்குத்தான் வழியில்லை. விமானத்தில் ஏற்றணையைப் பயனற்றதாக்கிய அதே குறை, வானிலும் வந்து நின்றது.

“நான் மெள்ள மெள்ள ஓடுவேன், அம்மா” என்றார் சாரதி. நல்ல மனிதர். அவர்மேற் குற்றமில்லை.

“வேறு வாகனம் பிடிப்பம்” என்றாள் மகள்.

எனக்குப் பொறுமை போயிற்று. இருபது மணி நேரத்துக்கு மேலாகப் பயணம், பிள்ளைகள் சோர்ந்துவிட்டனர். “எங்கள் காலத்தில் இவையெல்லாம் இருந்தனவோ? உங்களை நாங்கள் மடியில் வைத்துக்கொண்டு திரியவில்லையோ? என்ன குறைந்துவிட்டீர்கள்?” என்று சற்றே உரத்துச் சொன்னேன்.

மகள் என்னை நோக்கினாள். வியர்வையில் நெற்றியில் ஒட்டிய மயிரைக் கையால் ஒதுக்கினாள். வலப்புருவத்தின் மேலே வெண்ணிறமான அந்தச் சிறு தழும்பு தெரிந்தது.

1995ஆம் ஆண்டின் தொடக்கம். யாழ்ப்பாணத்தில் பெற்றோல் அரிதாகி, பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடிய காலம். ஒரு கலியாணத்துக்குப் புறப்பட்டோம். ஒஸ்ரின் கார், முன்னிருக்கையில் நான், என் மடியில் நாலு வயது மகள். விரைவு அதிகமில்லை. ஒரு நாய் குறுக்கே ஓடிற்று. சாரதி பிரேக்கை அழுத்தினார். என் இரு கைகளும் பிள்ளையைச் சுற்றியே இருந்தன. இருந்தும், அவள் என் கைகளினின்று வழுவி முன்பலகையில் மோதினாள். ஐந்து தையல். “கண்ணுக்கு வந்தது புருவத்தோடு போயிற்று, அவளுடைய நல்ல காலம்” என்று ஊரார் சொன்னார்கள். நானும் அதையே சொல்லி வந்தேன். என் கைகள் போதவில்லை என்று ஒருநாளும் சொன்னதில்லை.

கைகள் போதா என்பது எளிய கணக்கு. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் வாகனம் மோதி நிற்பது, ஏறத்தாழப் பத்து மீற்றர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். வளர்ந்த பனையொன்றின் பாதி உயரம். பனையின் பாதியிலிருந்து பிள்ளையோடு விழும் தந்தை, நிலம் வந்ததும் அதனைக் கையிற் தாங்கிக்கொள்வேன் என்று சொல்வானாயின் யார் நம்புவார்? அன்பு குறைவதில்லை, வலுத்தான் போதுவதில்லை.

“சரி பிள்ளை, வேறு வாகனம் பார்ப்பம்” என்றேன்.

இரண்டரை மணி நேரம் காத்திருந்தோம். கேட்ட சாரதிகள் சிலர் நகைத்தனர், சிலர் வியந்தனர். முதல் வந்த சாரதிக்குக் கூலியிற் பாதியைக் கொடுத்தோம். வாங்கத் தயங்கியே வாங்கினார். ஈற்றில், பின்னிருக்கைகளில் தோட்பட்டி உள்ள வாகனம் ஒன்று கிடைத்தது. மகள் ஏற்றணையை வைத்தாள். அதன்மேற் பேரன் ஏறினான். இடுப்புப் பட்டியைக் கைவளைவுகளின் கீழாக இழுத்துப் பூட்டினாள். தோட்பட்டி அவன் தோளின் நடுவே, அளந்து வைத்தாற்போற் படிந்தது. அதுவரை அதனை நான் உற்று நோக்கியதில்லை.

வவுனியா கடந்தபோது நள்ளிரவு தாண்டிவிட்டது. பிள்ளைகள் உறங்கிவிட்டனர். மாங்குளத்துக்கு அப்பால், ஏ9 வீதியின் குறுக்கே மாடுகள் படுத்திருந்தன. சாரதி திடீரெனப் பிரேக்கை அழுத்தினார். என் கை தானாகவே பேரனை நோக்கி நீண்டது. அது போய்ச் சேருமுன்னரே பட்டி அவனைப் பிடித்துவிட்டது. அவன் கண் விழிக்கவுமில்லை. மாடுகள் எழுந்து ஒதுங்கின, வாகனம் நகர்ந்தது. மகள் பின்னிருந்து, “இருக்கிறானோ?” என்றாள். “இருக்கிறான்” என்றேன்.

மூன்றாம் நாள் என் பெட்டி வந்து சேர்ந்தது. கைபிடி உடைந்து, ஒரு மூலை நசுங்கியிருந்தது. உள்ளே இருந்தவை நூல்கள், அவற்றிற்கு ஒன்றுமில்லை. மகளிடம் அதனைக் காட்டினேன். அவள் புன்னகை செய்தாள். அவ்வளவே.

பேரப்பிள்ளைகளின் வரவை எதிர்நோக்கும் என் போன்றோர் நம் ஊர்களிற் பலர். அவர்களுக்கு ஒரு சொல். வான் பேசும்போது கூலியை மாத்திரம் பேசாதீர்கள். பின்னிருக்கையிற் தோட்பட்டி உண்டோ என்று கேளுங்கள். இயலுமாயின் நேரே சென்று பாருங்கள். வருவோருக்கும் ஒரு சொல். ஏற்றணை பாரமன்று, பெட்டிக்குள் இடாது கையிற் கொண்டு வாருங்கள். விமானத்தில் அது பயன்படாது. அது வேண்டப்படுவது, விமானம் இறங்கிய பின்னர், வீடு வந்துவிட்டதென்று நாம் எல்லோரும் மனந்தளரும் அந்தத் தெருவில்.

இப்போது வகுப்பில் காப்புப் பருவம் கற்பிக்கும்போது சிறிது நின்று செல்கின்றேன். தெய்வத்தை வேண்டுவது நம் கடன். பட்டியைப் பூட்டுவதும் நம் கடனே.