எக்ஸ்-ரேயில் சிக்காத முள், ஸ்கேனில் சிக்குவது எப்படி?

கிருஷ்ணன்கோவில், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் சீமைக் கருவேல மரங்களுக்குப் பஞ்சமே இல்லை. விளையாடும் பிள்ளைகளின் காலில் முள் ஏறுவதும் புதிதல்ல. முள்ளைப் பிடுங்கிவிட்டோம் என்று நினைப்போம். முனை ஒடிந்து உள்ளேயே தங்கியிருக்கும். சில நாட்களில் கால் வீங்கிச் சீழ் வைக்கும். எக்ஸ்-ரே எடுத்தால் ஒன்றும் தெரியாது.

இதற்குக் காரணம் உண்டு. இரும்பு, கல், பெரும்பாலான கண்ணாடித் துண்டுகள் எக்ஸ்-ரேயில் தெரியும். முள், மரச்சிராய், பிளாஸ்டிக் போன்றவை சதையைப் போலவே கதிர்களை விட்டுவிடுவதால் பெரும்பாலும் தெரிவதில்லை. இங்கேதான் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் கைகொடுக்கிறது.

ஸ்பீக்கரும் மைக்கும் ஒன்றே!

உங்கள் கம்ப்யூட்டரில் ஸ்பீக்கர் மின்சாரத்தை ஒலியாக்குகிறது. மைக் ஒலியை மின்சாரமாக்குகிறது. ஸ்கேன் செய்யும்போது தோலின் மேல் நகர்த்தும் 'புரோப்' இந்த இரண்டு வேலைகளையும் செய்கிறது. நம் காதுக்கு விநாடிக்கு 20,000 அதிர்வுகள் வரைதான் கேட்கும். தோலுக்கு அருகில் இருப்பதைப் பார்க்க உதவும் புரோப், சுமார் 70 லட்சம் முதல் 150 லட்சம் அதிர்வுகள் கொண்ட ஒலியை அனுப்புகிறது.

சதைக்குள் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 1,540 மீட்டர். 1 செ.மீ. ஆழம் போய்த் திரும்ப 13 மைக்ரோ விநாடிதான்! எதிரொலி வந்த நேரத்தை வைத்து ஆழத்தையும், அதன் வலிமையை வைத்து வெளிச்சத்தையும் கம்ப்யூட்டர் கணக்கிட்டு, மானிட்டரில் படமாக்குகிறது. முள் வெள்ளைக் கோடாகத் தெரியும். பின்னால் பெரும்பாலும் கறுப்பு நிழல் விழும். எவ்வளவு ஆழம், எந்தத் திசை என்று தெரிவதால் டாக்டர் தேடித் தேடிக் கிழிக்க வேண்டியதில்லை. கதிர்வீச்சும் கிடையாது, குழந்தை அம்மா மடியில் இருக்கும்போதே பார்த்துவிடலாம்.

கவனிக்க வேண்டியவை

காயத்தில் புகுந்த காற்றும் எலும்பும்கூட வெள்ளையாகத் தெரியும். மிகச் சிறிய துண்டு தப்பிவிடலாம். எனவே, பார்ப்பவரின் அனுபவம் முக்கியம்.

செல்போனில் இணைக்கும் புரோப்களும் வந்துவிட்டன. வீட்டுக்கு ஒன்று வாங்கலாமே என்று நினைக்காதீர்கள். கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவு பெற்ற இடத்தில்தான் ஸ்கேன் கருவி இருக்கலாம்.

குழந்தைக்குக் குத்தியது முள்ளா, மரமா, கண்ணாடியா என்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். எக்ஸ்-ரேயில் ஒன்றுமில்லை என்ற பிறகும் வலியும் வீக்கமும் குறையாவிட்டால், ஸ்கேன் பார்க்கலாமா என்று கேளுங்கள்.