தன் பிழையைத் தானே சொல்லும் வழிகாட்டி

மேகம் தாழ்ந்து ஓடுபாதையை மறைத்துவிட்டால், விமானி கருவிகளை நம்பித்தான் இறங்க வேண்டும். பல பத்தாண்டுகளாக இதற்குத் துணைநிற்பது ஐ.எல்.எஸ். எனும் அமைப்பு. ஓடுபாதையை ஒட்டி நிற்கும் ஆன்டெனாக்களில் ஒன்று இடவலம் காட்டும்; மற்றொன்று சுமார் 3 டிகிரி சரிவில் இறங்கும் பாதையைக் காட்டும். ஓடுபாதையின் ஒவ்வொரு முனைக்கும் தனி அமைப்பு வேண்டும். சிறிய விமான நிலையங்களுக்கு இது பெரிய செலவு.

2022 ஏப்ரல் 28 அன்று ராஜஸ்தானின் கிஷன்கரில் இண்டிகோவின் ஏ.டி.ஆர். விமானம் ஒன்று, அந்த ஆன்டெனாக்களின் தயவு இல்லாமல், செயற்கைக்கோள் காட்டிய சரிவிலேயே இறங்கியது. வழிகாட்டியது இஸ்ரோவும் இந்திய விமான நிலைய ஆணையமும் சேர்ந்து உருவாக்கிய 'ககன்'.

வெறும் ஜி.பி.எஸ். போதாதா? போதாது. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் சமிக்ஞை அயனி மண்டலத்தைக் கடக்கும்போது தாமதமாகிறது. நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு பிசகினாலும் தூரக் கணக்கில் 30 சென்டிமீட்டர் தவறும். இந்தியாவுக்கு மேலே இந்தச் சிக்கல் இன்னும் கடுமை. காந்த நடுக்கோடு நம் தென்கோடியை ஒட்டிச் செல்கிறது. 1963இல் தும்பாவில் ராக்கெட் தளம் அமைந்ததும் அதனால்தான். அக்கோட்டின் மேல் பகலில் எழும்பும் எலக்ட்ரான்கள் காந்தப் புலக் கோடுகள் வழியே வழிந்து, வடக்கே மத்திய இந்தியாவின் வானில் குவிகின்றன. மாலைக்குப் பின் அந்த அடுக்கில் குமிழிகளும் கிளம்பும். இந்த வானத்துக்கென்றே இஸ்ரோ தனிக் கணக்கீட்டு முறையை வகுக்க வேண்டியிருந்தது.

ஜம்மு முதல் திருவனந்தபுரம், போர்ட் பிளேர் வரை 15 தரை நிலையங்கள். தாம் நிற்கும் இடத்தைத் துல்லியமாக அறிந்தவை, எனவே ஜி.பி.எஸ். எவ்வளவு பிசகுகிறது என்று அவற்றால் சொல்ல முடியும். பெங்களூரில் கணக்கிடப்படும் திருத்தம் 36,000 கிலோமீட்டர் உயரத்திலுள்ள ஜிசாட் செயற்கைக்கோள்களுக்கு ஏறி, அங்கிருந்து விமானத்துக்கு வருகிறது.

என்னை வியக்கவைப்பது துல்லியத்தைவிட நேர்மைதான். திருத்தத்துடன், 'இதில் இவ்வளவு பிழை எஞ்சியிருக்கலாம்' என்ற கணக்கும் வருகிறது. விமானத்தின் கருவி அதை இடைவிடாமல் எடைபோடுகிறது. இத்தகைய இறக்கத்தில் பக்கவாட்டில் 40 மீட்டர், உயரத்தில் 50 மீட்டர் என்ற வரம்பை அந்தக் கணக்கு தாண்டினால், நொடிகளில் எச்சரிக்கை எழும். எச்சரிக்கை இல்லாமல் வழிதவறச் செய்யும் வாய்ப்பு ஒரு கோடி இறக்கங்களுக்கு இரண்டைத் தாண்டக் கூடாது என்பது உலக விதி. 2015இல் செங்குத்து வழிகாட்டலுக்கும் சான்று பெற்றது ககன்.

ஆனாலும் சுமார் 250 அடி உயரத்துக்கு வந்தும் ஓடுபாதை கண்ணில் படாவிட்டால் விமானி மேலே ஏறியே தீர வேண்டும்.

உரிய கருவி இல்லாத விமானத்துக்கு ககன் வானில் இருந்தும் பயனில்லை. மலையும் மழையும் சூழ்ந்த சிற்றூர்களுக்குப் பறக்கும் ஒவ்வொரு விமானத்திலும் அந்தக் கருவி இருக்க வேண்டும்.