தரைக்குள் ஒரு பிடிமானம்

புளியமரங்கள் அடர்ந்த காடாக இருந்தமையால் ‘திந்திரிணி வனம்’ என வழங்கப்பட்டுப் பின்னர் திண்டிவனம் ஆயிற்று என்பர் பெரியோர். இன்றோ சென்னையிலிருந்து திருச்சி செல்லும் நெடுஞ்சாலையில், புதுச்சேரிக்கும் திருவண்ணாமலைக்கும் வழி பிரியும் சந்திப்பாக அவ்வூர் விளங்குகின்றது. வாகனங்கள் மிகுந்த ஊரில் அவற்றைப் பழுதுபார்க்கும் பட்டறைகளும் மிகுவது இயல்பே. வளைகுடா நாடுகளில் இத்தொழிலைக் கற்று ஊர் திரும்பும் நம் பிள்ளைகளுள் சிலர், கடை வாடகைக்கு வழியில்லாத தொடக்க நாட்களில், வீட்டின் முன்புறக் கொட்டகையையே பட்டறையாக்கிக் கொள்கின்றனர்.

அன்பு வாசகர்களே! உங்கள் இல்லத்திலும் அத்தகைய பட்டறை ஒன்று இருக்குமாயின், அல்லது அமைக்கும் எண்ணம் இருக்குமாயின், இக்கட்டுரை உங்களுக்கே உரியது.

மரமும் தூணும் போதுமா?

மோதி நசுங்கிய தகட்டை நேராக்கச் சங்கிலியின் ஒரு முனையை வண்டியில் மாட்டி, மறுமுனையை அசையாத ஒன்றில் கட்டி, செயின் பிளாக்கினால் இழுக்கின்றனர். அந்த ‘அசையாத ஒன்று’ எது? சாலையோரப் புளியமரம், விளக்குக் கம்பம், சில வேளைகளில் வீட்டுத் தூண்! மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்கவே தூண் கட்டப்படுகின்றது. பக்கவாட்டில் இழுக்கப்படுவதற்காக அன்று. தூணில் விழும் விரிசல், அதன்மேல் உள்ள கூரைக்கே கேடாக முடியும்.

இதற்கு முறையான வழி, தரைக்குள் புதைத்து அமைக்கப்படும் இரும்புக் கொக்கியாகும். வேலை முடிந்ததும் மூடியால் மூடிவிட்டால் தரை சமமாகிவிடும். குழந்தைகளின் கால் இடறாது. வண்டியும் தடையின்றி ஏறி இறங்கும்.

முளை கற்பிக்கும் பாடம்

பக்ரீத் காலத்தில் ஆட்டைக் கட்டிவைக்க முளை அடித்திருப்பீர்கள். முளையை ஆடு இழுக்கும் திசைக்கு எதிர்ப்புறமாகச் சற்றே சாய்த்து, ஆழமாக அடிப்போம். கயிற்றை மண்ணை ஒட்டிக் கட்டுவோம். தரைக் கொக்கியின் தத்துவமும் இதுவே. ஆழம் வேண்டும், இழுவை தாழ்வாக இருக்க வேண்டும்.

சங்கிலி தரையோடு 30 பாகைச் சாய்வில் இருந்தால், இழுவிசையில் சரிபாதி கொக்கியை மேல்நோக்கிப் பிடுங்கும். 45 பாகையானால் பத்தில் ஏழு பங்கு. 15 பாகையாகத் தாழ்த்தினாலோ கால் பங்குதான். எனவே, சங்கிலியை எவ்வளவு தாழ்வாக ஓடவிடுகிறோமோ அவ்வளவுக்குக் கொக்கி பிழைக்கும்.

ஒரு சிறு கணக்கு

ஒரு கன அடி கான்கிரீட்டின் எடை ஏறத்தாழ 68 கிலோ. நீளம், அகலம், ஆழம் ஒவ்வொன்றும் இரண்டடியாகக் குழி தோண்டி நிரப்பினால் 8 கன அடி. எடை சுமார் 540 கிலோ. ஒரு டன் இழுவிசையை 30 பாகையில் கொடுத்தால் மேல்நோக்கிய விசை 500 கிலோ. எடையும் விசையும் ஏறக்குறையச் சமம்! பாதுகாப்புக்கு மிச்சமே இல்லை.

அதே கட்டியை, பத்தடிக்குப் பத்தடி பரப்பும் ஆறு அங்குலக் கனமும் உள்ள, கம்பி வலை வைத்த தரையோடு ஒன்றாக வார்த்துவிட்டால், தரையின் எடை மட்டும் 3,400 கிலோ கூடுதலாகத் துணை நிற்கும். ஆகவே, கொக்கியைத் தனியே நடாமல் தரையின் கம்பியோடு பிணைப்பதே அறிவுடைமை. கான்கிரீட் அழுத்தத்தை நன்கு தாங்கும். இழுவையைத் தாங்கும் வலிமையோ அதில் பத்தில் ஒரு பங்கு அளவே. அக்குறையை நிறைவு செய்வதற்கே உள்ளே கம்பி வைக்கின்றோம்.

அமைக்கும் முறை

முதலில், தரையின் அடியில் மின்கம்பியோ தண்ணீர்க் குழாயோ கழிவுநீர்த் தொட்டியோ செல்கின்றதா என உறுதி செய்துகொள்ளுங்கள். சுவரின் அடித்தளத்தை ஒட்டிக் குழி தோண்டாதீர்கள். மூன்றடியாவது தள்ளி நில்லுங்கள். இடம் போதாவிடில் பொறியாளரைக் கலந்த பின்னரே கடப்பாரையைத் தொடுங்கள்.

வண்டியின் நான்கு மூலைகளுக்கும் வெளியே ஒவ்வொரு கொக்கி அமையுமாறு குறியிடுக. ஒரு பக்கம் இழுக்கும்போது மறுபக்கம் வண்டியைப் பிடித்துக்கொள்ளவும் கொக்கி வேண்டும். இல்லையெனில் நசுங்கல் நிமிர்வதற்கு முன் வண்டியே நகர்ந்துவிடும். குழியின் வாய் குறுகியும் அடி அகன்றும் இருக்கட்டும். குடத்தைப் போல் உள்ளே பருத்த கட்டி எளிதில் மேலே வராது.

நான்கு அங்குல விட்டமுள்ள இரும்புக் குழாய்த் துண்டைக் கிண்ணம்போல் வைத்து, அதனுள் 20 மில்லிமீட்டர் கம்பியை வளையமாக வளைத்து, இரு கால்களையும் கீழே இறக்கி வெளிப்புறமாக மடக்கி, கம்பி வலையின் அடியில் கட்ட வேண்டும். இவ்வளையத்திற்கு முறுக்குக் கம்பியைவிட வழவழப்பான மைல்டு ஸ்டீல் கம்பியே ஏற்றது. அது வளைந்து எச்சரிக்கும், சட்டென ஒடியாது. கிண்ணத்தின் விளிம்பு தரைமட்டத்துடன் இம்மியும் பிசகாமல் இருத்தல் வேண்டும்.

கலவை ஒரு பங்கு சிமென்ட், ஒன்றரைப் பங்கு மணல், மூன்று பங்கு முக்கால் அங்குல ஜல்லி. இன்று சந்தையில் பெரிதும் கிடைப்பது கலப்புச் சிமென்ட். வெயில் மிகுந்த நம் பகுதியில் அதனை 14 நாட்கள் ஈரம் உலராமல் காக்க வேண்டும் என்பது 2000ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட இந்தியத் தர விதி 456 தரும் அறிவுரை. 28 நாட்கள் நிறையும் முன் சங்கிலி மாட்டாதீர்கள்.

பழைய தரையில்

டைல்ஸ், மொசைக், கடப்பைக்கல் பதித்த தரையில் போல்ட் அடித்து வண்டியை இழுக்க எண்ணாதீர்கள். அவற்றின் அடியில் பெரும்பாலும் மணலும் மெலிந்த ஜல்லிக் கலவையுமே இருக்கும். நல்ல கான்கிரீட் தரையில், துளையிடும் இயந்திரத்தை நிறுத்தவோ இருசக்கர வாகனத்தைப் பூட்டவோ விரியும் போல்ட் போதுமானது. அதன் ஆழத்தைப் போல் மூன்று மடங்கு தூரம் இரு போல்ட்டுகளுக்கிடையிலும், ஒன்றரை மடங்கு தூரம் விளிம்பிலிருந்தும் விடுக. துளையிலுள்ள தூளை ஊதி அகற்றாவிட்டால் பிடிப்பு குறையும். அத்தூள் நுரையீரலுக்குத் தீங்கானது. முகக்கவசம் இன்றித் துளையிடலாகாது.

உயிர் காக்கும் ஒழுங்கு

முதல் இழுவையைப் பாதி விசையோடு நிறுத்திக் கொக்கியைச் சுற்றிலும் பாருங்கள். மயிரிழை விரிசலோ தரையின் எழுச்சியோ தென்பட்டால் அக்கொக்கியைக் கைவிடுங்கள். இழுக்கும் சங்கிலிமீது கனமான சாக்கைப் போர்த்துங்கள். அறுந்தால் அதன் வீச்சைச் சாக்கு தணிக்கும். சங்கிலியின் நேர்கோட்டில் எவரும் நிற்கக் கூடாது. அவ்வேளையில் குழந்தைகள் வீட்டுக்குள் இருக்கட்டும், கதவு தாழிடப்பட்டிருக்கட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கிண்ணத்தில் நீர் தேங்கித் துருவேறும். துடைத்து கிரீஸ் தடவி வாருங்கள்.

சட்டகமே முறுக்கிக்கொண்ட கார்களை வீட்டுப் பட்டறையில் நிமிர்த்த முனையாதீர்கள். அளவு பார்க்கும் கருவிகள் உள்ள இடத்திற்கே அவற்றை அனுப்புங்கள். நம்மிடம் ஒப்படைக்கப்படும் வண்டி ஓர் அமானிதம். அதில் நாளை ஒரு குடும்பமே பயணம் செய்யும். வருமானம் கை நழுவுகிறதே என்று அன்று தோன்றலாம். ஆயினும் ‘இது என்னால் இயலாது’ என்று சொல்லத் தெரிந்த தொழிலாளியிடம்தான் மக்கள் மீண்டும் வருவர்.

வேலையைத் தொடங்கும் முன் அண்டை வீட்டாரிடம் ஒரு சொல் கேளுங்கள். சம்மட்டி ஓசை அவர்களுடைய முதியோரின் உறக்கத்தையும் மாணவரின் படிப்பையும் கெடுக்காத நேரத்தை வகுத்துக்கொள்ளுங்கள். நகராட்சியிடம் அனுமதி குறித்துக் கேட்டறிவதும் நலம். கொக்கி தரையின் அடியில் மறைந்திருக்கும். பார்ப்பவர் கண்ணுக்கு மூடி மட்டுமே தெரியும். அதன் அடியில் நீங்கள் இட்ட ஆழமும் கம்பியும், பொறுமையோடு ஊற்றிய பதினான்கு நாள் தண்ணீருமே உங்கள் பிள்ளையின் உயிரையும் பிழைப்பையும் தாங்கி நிற்கும்.