செப்பாங்கில் ஓட்டவும் வீடு திரும்பவும் ஒரே டயர் போதுமா?

ரஹாங்கில் உள்ள ஒரு பட்டறையில் அண்மையில் கேட்ட உரையாடல் இது. மைவி கார் வைத்திருக்கும் இளைஞர் ஒருவர் செப்பாங் பந்தயத் தடத்தில் ஒரு நாள் ஓட்டுவதற்குப் பதிவு செய்திருந்தார். "அண்ணே, ரோட்டுக்கும் டிராக்குக்கும் ஒத்து வர்ற மாதிரி ஒரே செட் டயர் இருக்கா?" என்று கேட்டார். பட்டறைக்காரர் வெளியே கறுத்து வந்த வானத்தைக் காட்டினார். "போறதுக்குப் பாக்காத தம்பி. சாயந்திரம் வீட்டுக்கு வர்றதுக்கு டயர் பாரு."

செப்பாங் தடம் 1999-இல் திறக்கப்பட்டது. ஒரு சுற்று 5.543 கிலோமீட்டர், 15 வளைவுகள். சிரம்பானிலிருந்து நீலாய் வழியாகப் போனால் அதிகத் தூரமில்லை. 'டிராக் டே' என்பது போட்டி அல்ல. கட்டணம் கட்டி, தலைக்கவசம் அணிந்து, சொந்தக் காரைத் தடத்தில் ஓட்டிப் பார்க்கும் நாள். இரவில் பொதுச்சாலையில் பந்தயம் விடுவதற்கு இது எவ்வளவோ மேல். ஆனால், நம் பிள்ளைகள் பலர் எந்தக் காரில், எந்த டயரில் தடத்தில் ஓட்டினார்களோ அதிலேயே வீடு திரும்புகிறார்கள். சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

ஒவ்வொரு டயரும் சாலையைத் தொடும் இடம் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவுதான். காய்ந்த தடத்தில் அந்த உள்ளங்கை முழுக்க ரப்பராக இருந்தால் பிடிப்பு அதிகம். அதனால்தான் 'செமி ஸ்லிக்' எனப்படும் டயர்களில் பள்ளக் கோடுகள் குறைவு, ரப்பரும் மென்மை. மழையிலோ நிலைமை தலைகீழ். கோடுகள் வழியாகத் தண்ணீர் வெளியேறினால்தான் ரப்பர் தரையைத் தொடும். இல்லையென்றால் டயர் தண்ணீர் மேல் மிதக்கும்; ஸ்டீரிங் திடீரென்று லேசாகிவிடும்; பிரேக் மிதித்தாலும் கார் கேட்காது. புதிய சாதாரண டயரில் கோட்டின் ஆழம் ஏறக்குறைய 8 மில்லிமீட்டர். 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்தால் மாற்றியாக வேண்டும். ஆனால் நம் ஊர் மாலை மழைக்கு 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுவது நல்லது என்பேன்.

மழையும் டயரும் என்றால் செப்பாங்கில் 2009-இல் நடந்த பார்முலா 1 பந்தயத்தை மறக்க முடியாது. ஐரோப்பியத் தொலைக்காட்சி நேரத்துக்காக மாலை 5 மணிக்குத் தொடங்கினார்கள். மழை வரப்போகிறது என்று நம்பி பெராரி அணி கிமி ரைக்கோனனுக்கு முன்கூட்டியே கனமழை டயரை மாட்டியது. மழை உடனே வரவில்லை. காய்ந்த தடத்தில் அந்த டயர் சில சுற்றுகளிலேயே பாழானது. பிறகு கொட்டிய மழையில் எந்த டயரும் நிற்கவில்லை. 56 சுற்றுப் பந்தயம் 31 சுற்றுக் கணக்கில் முடிக்கப்பட்டு, பாதிப் புள்ளிகளே தரப்பட்டன. டயர் வண்டி வண்டியாகக் கொண்டுவருகிற அணிகளுக்கே இந்தக் கதி. (அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 2005-இல், தகுதிச் சுற்றுக்கும் பந்தயத்துக்கும் ஒரே செட் டயர் என்று விதி இருந்தது. அந்த ஆண்டு கோயம்புத்தூர்க்காரர் நரேன் கார்த்திகேயன் செப்பாங்கில் 11-ஆவதாக வந்தார்.)

பிடிப்புக்கும் சூட்டுக்கும் உள்ள உறவையும் தெரிந்துகொள்ள வேண்டும். ரப்பர் நசுங்கி மீளும்போது கொஞ்சம் சக்தியை விழுங்குகிறது. பிடிப்பு தருவதும் அதுதான், டயரைச் சூடாக்குவதும் அதுதான். தோட்டத்துப் பால்மரத்துப் பாலில் செய்த ரப்பர் குறைவாகவே சூடாகும், எளிதில் கிழியாது. எனவே லாரி, விமான டயர்களில் அதற்கு மதிப்பு அதிகம். கார் டயரின் மேல்பகுதியில் பிடிப்புக்காகச் செயற்கை ரப்பரை அதிகம் சேர்க்கிறார்கள். நம் தாத்தா பாட்டி வெட்டிய பால் எந்த வண்டியில் அதிகம் ஓடியது என்பது இதிலிருந்து தெரியும்.

கடையில் எதைப் பார்ப்பது? டயரின் பக்கவாட்டில் 'டிரெட்வேர்' என்று ஓர் எண் இருக்கும். இது அமெரிக்க முறை. எண் கூடினால் டயர் மெதுவாகத் தேயும், பெரும்பாலும் பிடிப்பு குறையும். அன்றாடக் கார் டயர்களில் பொதுவாக 300-க்கு மேல் இருக்கும். சாலைக்கும் தடத்துக்கும் நடுவான டயர்களில் 200 வாக்கில். டோயோ ஆர்888ஆர் போன்ற செமி ஸ்லிக்கில் 100. இந்த எண்ணைத் தயாரிப்பாளரே குறிப்பதால், ஒரு நிறுவனத்தின் 200-ஐ இன்னொன்றின் 200-உடன் அப்படியே ஒப்பிட வேண்டாம்.

அடுத்து, நான்கு இலக்க எண். 3223 என்றால் 2023-ஆம் ஆண்டின் 32-ஆவது வாரத்தில் செய்தது. ஜப்பானிலிருந்து வரும் பழைய செமி ஸ்லிக் டயர்களை மலிவாகத் தருகிறார்கள் என்று ஓடுபவர்கள் இதை முதலில் பார்க்கட்டும். தடத்தில் பலமுறை சூடாகி ஆறிய ரப்பர் இறுகிவிடும். கோடு ஆழமாகத் தெரியும், பிடிப்பு இருக்காது. அந்த டயரை இலவசமாகக் கொடுத்தாலும் நான் வாங்கமாட்டேன்.

வருடத்துக்கு இரண்டு மூன்று முறை மட்டுமே தடத்துக்குப் போகிறவர்கள் 200-க்கும் 300-க்கும் இடைப்பட்ட, கோடுகள் நன்றாக உள்ள ஸ்போர்ட்ஸ் டயரோடு நிறுத்திக்கொள்ளலாம். செமி ஸ்லிக் வேண்டுமென்றால் அதைத் தனி ரிம்மில் போட்டு, பின் இருக்கையை மடக்கி ஏற்றிச் செல்லுங்கள். அங்கே மாட்டி, அங்கேயே கழற்றுங்கள். செலவுதான். ஆனால் அந்த டயரோடு மழையில் வேலைக்குப் போவதைவிடப் பரவாயில்லை. புத்தம் புதிய டயரை நேரே தடத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். முதலில் இருநூறு கிலோமீட்டராவது சாலையில் ஓடட்டும்.

காற்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள். டயர் 10 டிகிரி சூடானால் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றரை பி.எஸ்.ஐ. ஏறும். எனவே தடத்தில் சில சுற்றுகள் ஓட்டிய பிறகு கொஞ்சம் இறக்குவார்கள். வீட்டுக்குக் கிளம்பும்போது அதை மறுபடியும் நிரப்ப வேண்டும். இல்லாவிட்டால் ஆறிய டயர் காற்றுக் குறைவோடு நெடுஞ்சாலையில் ஓடும். முன்சக்கர டயரின் வெளி ஓரத்தைக் கையால் தடவிப் பாருங்கள். மைவி போன்ற கார்களில் முதலில் தேய்வது அங்கேதான்.

அந்த இளைஞர் கடைசியில் 15 அங்குல ஸ்போர்ட்ஸ் டயர் நான்குக்குச் சொல்லிவிட்டார். செமி ஸ்லிக்குக்கு ஒதுக்கியிருந்த மீதிப் பணத்தில் பிரேக் பேடும் பிரேக் எண்ணெயும் மாற்றச் சொன்னார். "மழை வந்தா?" என்று கேட்டேன். "பிட்டில் உக்காந்து டீ குடிச்சிட்டு, விட்டதும் மெதுவா வருவேன் அக்கா" என்றார்.